பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரை ஒரு வாரம் பேஸ்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை வந்தால் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, அமெரிக்கக் கிழக்குக் கரையில் ரயிலேறி ஊர் ஊராக மேஜர் லீக் பேஸ்பால் பார்ப்பது என் வழக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு வேடிக்கை. பிறந்தநாள் விருந்தோ கோயில் வரிசையோ, யாராவது பிடித்து வைத்து அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவைக்கிறேன்.

ஒரு வாரம் முழுக்கவா? தினமும் மேட்ச் இருக்குமா என்ன?

இருக்கும். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. மொத்தம் 30 அணிகள். ஐ.பி.எல்-லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊருக்கு வரும் எதிரணி மூன்று நாளோ நான்கு நாளோ தங்கி ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். திங்கள், வியாழன்களில் சில அணிகளுக்கு ஓய்வு. மற்றபடி தினமும் எங்கோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை என்று நாலு நாள் வழக்கமான ஆட்டம் கிடையாது. அந்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இத்தனை ஆட்டம் என்பதால் ஒரு நாள் தோல்வி பெரிய விஷயமே இல்லை. 2001-ல் சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்துச் சாதனையைச் சமன் செய்தது. அந்த அணியும் 46 முறை தோற்றிருக்கிறது. 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்று நவீன காலத்தின் மோசமான கணக்கை எழுதியது. அவர்களும் 41 நாள் ஜெயித்துத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அக்கா, எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். முதல் நாளே தூங்கிடுவேனா?

தூங்க மாட்டீர்கள், ஆனால் ரன்னை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஓர் இன்னிங்ஸில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட். அப்படி ஒன்பது இன்னிங்ஸ். பேட்டர் நிற்கும் இடம் ஹோம் பிளேட்; அங்கிருந்து மூன்று பேஸையும் சுற்றித் திரும்பி வந்தால் ஒரு ரன். வீசித் தவறினாலோ, அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ ஸ்ட்ரைக்; தள்ளி வந்த பந்தை விட்டால் அது 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் அவுட், நான்கு பால் என்றால் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

கிரிக்கெட் கண்ணுக்கு முதலில் உறுத்துவது, பேட்டர் அடிக்கக்கூடிய இடம். நாலு பக்கமும் கிடையாது. இரண்டு கோட்டுக்கு நடுவே விரியும் கால்வட்டம்தான் ஆடுகளம், அதற்கு வெளியே போனால் ஃபவுல். பத்து முறை வந்து மூன்று முறை ஹிட் அடிப்பவர், அதாவது அடித்து பேஸை எட்டுபவர், அருமையான பேட்டர். ஆகவே அவுட் ஆவதுதான் இங்கே வாடிக்கை. பந்து வருவதற்கு முன் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் குந்தியிருப்பவர்) கையுறையை எங்கே வைக்கிறார், பந்து கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். பந்து எறியும் பிட்சருக்கு அன்று கை வாகு இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மேட்ச் எத்தனை மணிக்கு முடியும்? கடைசி ரயில் கிடைக்குமா?

2023-ல் பிட்ச் கடிகாரம் வந்தபின் இந்தக் கவலை பாதி போய்விட்டது. பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பிட்சர் எறிந்தாக வேண்டும். ஆள் இருந்தால் அந்த வருடம் 20 விநாடி, 2024 முதல் 18. அதற்கு முந்தைய வருடம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டம், அந்த வருடம் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. ஏழு மணி வாக்கில் தொடங்கினால் பத்துக்குள் வெளியே வந்துவிடலாம்.

பேஸ்பாலில் டிரா கிடையாது. ஒன்பதிலும் சமமாக இருந்தால் பத்தாவது, பதினொன்றாவது என்று போய்க்கொண்டே இருக்கும். இப்போது பத்தாவது முதல் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்திவிட்டே தொடங்குகிறார்கள், அதனால் விடிய விடிய இழுப்பது அபூர்வம். இருந்தாலும் அன்றைக்கே அடுத்த ஊர் போகும் கடைசி ரயிலை நம்பாதீர்கள். அந்த ஊரில் தங்கிக் காலையில் கிளம்புங்கள்.

எந்த ஊர்ல ஆரம்பிச்சு எங்க முடிக்கலாம்?

பாஸ்டனில் ஆரம்பியுங்கள். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் எல்லாம் ஒரே ஆம்ட்ராக் ரயில் தடத்தில் வரிசையாக இருக்கின்றன. பாஸ்டனிலிருந்து நியூயார்க் நாலு மணி நேரம் போல. அதன் பிறகு ஒவ்வோர் ஊரும் ஒன்றரை மணி நேரத்துக்குள். நீளமான பயணத்தை முதலிலேயே முடித்துவிட்டால் மீதி வாரம் சுகம்.

பாஸ்டனுக்கு முதலிடம் தர இன்னொரு காரணம் ஃபென்வே பார்க். 1912-ல் திறந்தது, மேஜர் லீக்கில் இருப்பதிலேயே பழையது. இட நெருக்கடியில் தெருவுக்கு ஏற்றபடி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடப்பக்கம் 310 அடியிலேயே சுவர் வந்துவிடும், அதனால் அந்தச் சுவரை 37 அடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதுதான் பச்சை நிற 'கிரீன் மான்ஸ்டர்'. அதன் அடியில் உள்ள ஸ்கோர் பலகைக்கு இன்றும் ஆள்தான். சுவருக்குள் நின்றுகொண்டு எண் தகடுகளைக் கையால் மாட்டுகிறார்கள். பலகையின் வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கீற்றுமாக ஏதோ தெரியும், உற்றுப் பாருங்கள். பழைய உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் யாக்கி இருவரின் பெயரெழுத்துகளும் மோர்ஸ் சங்கேதத்தில் இருக்கின்றன.

வலப்பக்கத் திறந்தவெளி இருக்கைகளில் எல்லாமே பச்சை, ஒன்றே ஒன்று சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியில் போய் விழுந்தது. தூரம் 502 அடி. அந்த இருக்கையிலிருந்து ஹோம் பிளேட்டைத் திரும்பிப் பார்த்தால் நம்பவே தோன்றாது.

இந்த ஊர் அணிகள் எல்லாம் ஒரே வாரத்துல சொந்த மைதானத்துலயே ஆடுமா?

எல்லாம் ஆடாது. இதுதான் இந்தப் பயணத்தில் உண்மையான வேலை. ஓர் அணி ஒரு வாரம், பத்து நாள் ஊரில் ஆடும், பிறகு அதே அளவுக்கு வெளியூர் போகும். நியூயார்க்கில் யாங்கீஸ், மெட்ஸ் இரண்டும் பெரும்பாலும் மாற்றி மாற்றித்தான் ஊரில் இருக்கும். பால்டிமோரும் வாஷிங்டனும் அப்படியே.

அட்டவணை முந்தைய வருடக் கோடையிலேயே வெளிவந்துவிடும். ஒரு தாளில் ஆறு அணிகளுக்கும் கோடு போட்டு, ஊரில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் வண்ணம் அடியுங்கள். பாஸ்டன், நியூயார்க்கில் ஒன்று, பிலடெல்பியா, தெற்கே இரண்டில் ஒன்று, இந்த நாலும் சேர்ந்து வரும் வாரம் ஒரு பருவத்தில் சில தடவை கிடைக்கும். ஆறு மைதானத்தையும் ஒரே வாரத்தில் முடிப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் உதவுவதில்லை. அவர்கள் ரயிலைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

டிக்கெட் எப்ப வாங்குறது? எந்தப் பக்கம் உட்காரணும்?

பாஸ்டனில் யாங்கீஸ் வந்து ஆடும் நாட்கள், வார இறுதிகள், இலவசப் பொம்மை தரும் இரவுகள், இவற்றுக்கு முன்கூட்டியே வாங்குங்கள். செவ்வாய், புதன் இரவுகளுக்கு அவசரமே வேண்டாம். மறுவிற்பனையில் ஆட்டம் நெருங்க நெருங்க விலை இறங்கும். டிக்கெட் போனில்தான், காகிதம் கிடையாது. உள்ளே ரொக்கமும் பெரும்பாலும் செல்லாது.

பெரும்பாலான மைதானங்களில் பேட்டர் வடகிழக்கைப் பார்த்து நிற்கும்படி அமைத்திருப்பார்கள், மாலை வெயில் அவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. அதனால் மூன்றாம் பேஸ் பக்கம் சீக்கிரம் நிழல் வரும். வலப்பக்க வெளிக்களத்தில் உட்கார்ந்தால் அஸ்தமன வெயில் நேரே முகத்தில். ஃபென்வேயில் மட்டும் இன்னொரு எச்சரிக்கை: பழைய கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் நடுவே நிற்கும். டிக்கெட்டில் பார்வை மறையும் என்று எழுதியிருந்தால் அது சும்மா எழுதியதல்ல.

மேட்சுக்கு ஏன் இவ்வளவு முன்னாடியே போகணும்னு சொல்றீங்க?

கதவு திறந்த அரை மணி நேரத்தில் பார்க்கக் கிடைப்பது பிறகு கிடைக்காது. யாங்கீ ஸ்டேடியத்தில் மானுமென்ட் பார்க் என்று பழைய வீரர்களின் நினைவுப் பலகைகள் உள்ள பகுதி இருக்கிறது. ஆட்டத்துக்கு 45 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அங்கே ஓய்வு கொடுக்கப்பட்ட ஜெர்சி எண்களைப் பாருங்கள்: 1 முதல் 9 வரை ஒன்றுகூட மிச்சமில்லை. 3 பேப் ரூத், 4 லூ கெரிக், கடைசியாகப் போனது டெரெக் ஜீட்டரின் 2.

பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் யூட்டா தெருவில் தலையைக் குனிந்தே நடங்கள். ஹோம் ரன் விழுந்த இடங்களில் பந்து வடிவப் பித்தளைத் தகடுகள், அடித்தவர் பெயரோடு பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க நீண்டு நிற்பது பழைய ரயில்வே கிடங்கு, 1,016 அடி நீளம். ஆட்டத்தின் நடுவே யாரும் அந்தச் சுவரில் அடித்ததில்லை. 1993 ஹோம் ரன் போட்டியில் கென் கிரிஃபி ஜூனியர் அடித்தார். பேப் ரூத் 1895-ல் பிறந்த வீடு அங்கிருந்து பொடிநடை தூரம்தான், இப்போது அருங்காட்சியகம்.

எல்லா மைதானத்துலயும் 42னு ஒரு நம்பர் மாட்டியிருக்காங்களே, யாரு அது?

ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கி, மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இருந்த நீண்ட காலத் தடையை உடைத்தவர். 1997-ல் அந்த எண்ணுக்கு எல்லா அணிகளிலும் சேர்த்து ஓய்வு கொடுத்தார்கள். ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரரும் 42 போட்டுக்கொண்டு ஆடுவார்கள். மெட்ஸின் சிட்டி ஃபீல்டு முகப்பு மண்டபம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பந்து நம்ம கைக்கு வந்தா திருப்பிக் குடுக்கணுமா?

வேண்டாம், உங்களுக்கே. கிரிக்கெட்டில் ஒரே பந்து தேயத் தேய ஆடுவோம். இங்கே மண்ணில் பட்டாலே பந்தை மாற்றிவிடுவார்கள். ஃபவுலும் ஹோம் ரனும் போனது போனதுதான். பிடித்தவர் பக்கத்தில் குழந்தை இருந்தால் கொடுத்துவிடுவது வழக்கம். கொடுக்காவிட்டால் சுற்றியிருப்பவர்கள் பார்க்கிற பார்வையே போதும்.

ஆனால் வேலிக்கு மேல் கை நீட்டி, ஆட்டத்தில் இருக்கும் பந்தைத் தொடாதீர்கள். 1996 அக்டோபரில், பழைய யாங்கீ ஸ்டேடியத்தில், ஜீட்டர் அடித்த பந்தை 12 வயதுப் பையன் ஒருவன் எட்டிப் பிடிக்கப் பார்த்து உள்ளே தட்டிவிட்டான். கீழே பால்டிமோர் வீரர் கையுறையோடு காத்திருந்தார். நடுவர் ஹோம் ரன் என்று சொல்லிவிட்டார். பால்டிமோரில் வயதானவர்களிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள், பானமே ஆறிவிடும் வரை விடமாட்டார்கள். வலை இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஃபவுல் பந்து கண் சிமிட்டும் நேரத்தில் வரும்.

நாங்க சுத்த சைவம். உள்ள போனா பட்டினிதானா?

ஹாட் டாக் ராஜ்யம்தான், ஆனாலும் பட்டினி இல்லை. தோலோடு வறுத்த வேர்க்கடலை, உப்பு பிரெட்சல், பாப்கார்ன், சின்ன பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் ஐஸ்கிரீம். கடலைத் தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் மைதானங்கள் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கின்றன. எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு போகலாம். பை விதிகள் ஊருக்கு ஊர் மாறும், பேக்பேக்கைப் பல இடங்களில் விடமாட்டார்கள், அதனால் கிளம்பும் முன் அந்த அணியின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

சிட்டி ஃபீல்டுக்குப் போகிறவர்களுக்கு வழி வேறு. 7-ம் எண் ரயிலில் மைதான நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தமான ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட் போங்கள். அங்கிருந்து பௌன் தெருவில் இருக்கிறது பிள்ளையார் கோயில், 1977-ல் கும்பாபிஷேகம் ஆனது. கீழ்த்தளத்து கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு ஒரு நிறுத்தம் திரும்பி வந்தால் மைதானம். நான் அந்த ஊரில் ஆட்டம் பார்ப்பதில் பாதிக் காரணம் இதுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள். மறுக்கவில்லை.

மடியில ஒரு தாளை வச்சு ஏதோ எழுதிக்கிட்டே இருக்கீங்களே, பரிட்சையா?

ஸ்கோர்கார்டு. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஜெர்சி எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி இரண்டாம் பேஸுக்குத் தள்ள, அவர் முதல் பேஸுக்கு எறிய, இருவர் அவுட் என்றால் கட்டத்தில் 6-4-3. வீசி அடித்துத் தவறி ஸ்ட்ரைக் அவுட் ஆனால் கே எழுத்து. மட்டையை அசைக்காமலே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவோம்.

ஒரு பேட்டருக்கு ஒரு கட்டம், அதற்குள் ஒரு சின்ன வைரம். ஆள் பேஸ் பேஸாக நகர நகர அதன் பக்கங்களைப் பென்சிலால் தடிமனாக்குவோம். ஹோம் பிளேட் வந்து சேர்ந்தால் உள்ளே கருப்படித்துவிடுவோம். 8-6-2 என்று ஒரு கட்டத்தில் இருந்தால், நடுக்களத்திலிருந்து ஷார்ட்ஸ்டாப் வழியாக எறிந்து, ஹோம் பிளேட்டில் ஒருவரை மடக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்த ஓட்டம் ஞாபகம் வரும். பென்சில்தான் வேண்டும், பேனா ஆகாது.

இந்தக் கணக்கு முறைக்கு வழி போட்டவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் 1824-ல் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஆகவே கிரிக்கெட் ஸ்கோர் நோட்டுப் பழக்கம் உள்ளவர்கள் கூச்சப்பட வேண்டாம்.

அதே ரெண்டு அணியை மூணு நாள் பாக்கணும்கறீங்க. போரடிக்காதா?

ஒரு நாள் பார்த்தால்தான் போரடிக்கும். வாரத்தில் ஏதாவது ஓர் ஊரிலாவது ஒரு தொடரை முழுசாகப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான். தொடக்க பிட்சர் ஒரு நாள் 90, 100 பந்து எறிந்துவிட்டு நாலைந்து நாள் ஓய்வெடுப்பார். அதனால் மறுநாள் வேறு ஆள், வேறு ஆட்டம். பின்னால் வரும் ரிலீஃப் பிட்சர்களுக்கும் வரம்பு உண்டு. இரண்டு நாள் தொடர்ந்து எறிந்தவரை மூன்றாம் நாள் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள்.

இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம் பதினொன்றாவது இன்னிங்ஸ் வரை போகிறது, புல்பென்னில் (ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) இருந்தவர்கள் எல்லோரும் எறிந்துவிட்டார்கள். சனிக்கிழமை ஆறாவது இன்னிங்ஸில் தொடக்க பிட்சர் தள்ளாடுகிறார், அடி விழுகிறது, ஆனாலும் மேனேஜர் எழுந்து வரவில்லை. அன்று மட்டும் வந்தவர் மேனேஜரைத் திட்டுவார். முந்தின நாளும் இருந்த உங்களுக்குத் தெரியும், உள்ளே அனுப்ப ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளியன்று வளைந்து தாழ்ந்த பந்துக்கு மூன்று முறை ஏமாந்த பேட்டர் அதே பந்தைத் தொடாமல் விடுகிறார். மார்கழியில் ஒரு சபாவில் ஒரே ஒரு கச்சேரிக்குப் போவதற்கும் சீசன் முழுக்கச் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

நான் போன அன்னைக்குப் பாத்து பெரிய ஆட்டக்காரர் உட்கார்ந்துட்டாரே?

பிட்சர் என்றால் காரணம் மேலே சொன்னதுதான். அடுத்த சில நாட்களுக்கு யார் தொடங்குவார் என்ற பட்டியலை லீக்கின் தளத்தில் போடுவார்கள், அதைப் பார்த்து டிக்கெட் வாங்குங்கள். பேட்டர் என்றால், இரவு ஆட்டத்துக்கு அடுத்த நாள் பகல் ஆட்டமா என்று பாருங்கள். முதன்மை கேட்சருக்கு அன்று அநேகமாக ஓய்வு, மூத்த வீரர்களுக்கும் அப்படி. தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடிய பால்டிமோரின் கேல் ரிப்கன் போன்றவர்கள் இப்போது இல்லை. விலை குறைவு என்று புதன்கிழமை மதிய ஆட்டத்துக்குப் போய் நட்சத்திரத்தைத் தேடக் கூடாது.

மழை பெஞ்சா காசு போச்சா?

தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள். வலுத்தால் ஆட்கள் ஓடிவந்து பெரிய தார்ப்பாயை உருட்டி விரிப்பார்கள், ஒரு மணி, இரண்டு மணி காத்திருக்க வேண்டியிருக்கும். தொடங்காமலே ஒத்திவைத்தால் அதே டிக்கெட் மாற்றுத் தேதிக்குச் செல்லும். உள்ளூர்க்காரருக்கு இது நல்ல ஏற்பாடு, ரயிலேறிப் போகிற நமக்கு அல்ல. பணம் திருப்பித் தருவது வழக்கமில்லை. ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிடும், பிறகு கேட்க ஒன்றுமில்லை. முடிந்தால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்ல ரெண்டு ஊர்ல ரெண்டு மேட்ச் பாக்க முடியுமா?

தொடரின் கடைசி ஆட்டத்தை, அணி ஊர் மாறுவதற்காகப் பகலிலேயே வைப்பதுண்டு. பிலடெல்பியாவில் ஒரு மணிக்கு அப்படி ஓர் ஆட்டம் அமைந்து, பால்டிமோரில் அன்று இரவு ஆட்டமும் இருந்தால், முடியும். மைதானத்திலிருந்து பிராட் ஸ்ட்ரீட் ரயில், பிறகு ஆம்ட்ராக், மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். கடைசி இன்னிங்ஸை விட்டுவிட்டு ஓடவேண்டி வரலாம். எனக்கு அது பிடிக்காது. செய்பவர்கள் பெட்டியை முன்கூட்டியே பால்டிமோருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

எதிரணி சட்டை போட்டுக்கிட்டுப் போனா வம்பு வருமா?

கேலி வரும், வம்பு அரிது. பிலடெல்பியா ரசிகர்கள் தங்கள் அணியையே கூச்சலிட்டு விரட்டுவார்கள், உங்களை விடுவார்களா? யாங்கீ ஸ்டேடியத்தின் வலப்பக்கம் 203-ம் பகுதியில் உட்கார்ந்தால் எதிரணி சட்டை வேண்டாம். முதல் இன்னிங்ஸில் அங்குள்ளவர்கள் களத்தில் நிற்கும் வீரர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கத்துவார்கள், அந்த வீரர் திரும்பிக் கையசைக்கும் வரை நிறுத்த மாட்டார்கள். அந்தச் சத்தத்தில் நாமும் சேர்ந்து கத்துவதே மேல். பால்டிமோரில் தேசிய கீதத்தின் நடுவே திடீரென்று ஊரே 'ஓ' என்று கத்தும், ஊர் அணியான ஓரியோல்ஸ் என்ற பெயரின் முதல் எழுத்து. பயந்துவிடாதீர்கள்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக, ஆனால் வாரம் முழுக்க வேண்டாம். ஃபென்வேயின் குறுகிய மர நாற்காலியில் முட்டி வலிக்காரர்களை உட்கார வைப்பது பாவம். வாஷிங்டன் நேஷனல்ஸ் பார்க் வசதி. 2008-ல் திறந்தது, மெட்ரோ நிலையம் வாசலுக்கு அருகிலேயே, லிஃப்ட் உண்டு. நாலாவது இன்னிங்ஸ் நடுவில் பழைய அதிபர்களின் பெரிய தலையை மாட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயம் நடக்கும். அதில் டெடி ரூஸ்வெல்ட் 2006-லிருந்து 2012 அக்டோபர் வரை ஒருமுறைகூட ஜெயிக்காமல் ஓடிக்கொண்டிருந்தார். ஆட்டம் புரியாத பெரியவர்களும் அதற்குக் கைதட்டுவார்கள். ஜூலை, ஆகஸ்ட் பகல் ஆட்டம் மட்டும் வேண்டாம். அந்த ஊர்ப் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததில்லை.

ஒரு வாரம்லாம் லீவு கிடைக்காது. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும். என்ன செய்யலாம்?

நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் பிலடெல்பியாவையே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளும் அங்கேயே. ஹோம் ரன் அடித்தால் வெளிக்களத்துக்கு மேலே நிற்கும் ராட்சத மணி விளக்கெரிந்து ஆடும். 1978 முதல் சுற்றிவரும் பச்சை நிற ஃபனாட்டிக் பொம்மை எதிரணி ஆட்களை வம்புக்கு இழுக்கும். வெள்ளி இரவு ஆட்டம், ஞாயிறு மதிய ஆட்டம். மாலைக்குள் வீடு திரும்பலாம். பல அணிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளைக் களத்தில் இறக்கி பேஸ் சுற்றி ஓடவிடுகின்றன. நீங்கள் போகும் மைதானத்தில் அது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை சீக்கிரம் நீண்டுவிடும், வீட்டில் யாராவது ஒருவர் எட்டாவது இன்னிங்ஸிலேயே போய் நிற்கட்டும்.